சங்கரய்யாவுக்குப் பட்டம் மறுத்தது யார்?

2023 நவம்பர் 2-ஆம் தேதி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு விழா நடந்தது. அங்கி போட்டு வரிசையில் நின்று நிறைய பேர் பட்டம் வாங்கினார்கள். வாங்கியிருக்க வேண்டிய ஒருவருடைய பெயர் மட்டும் பட்டியலில் இல்லை. என். சங்கரய்யா. அவருக்கு கவுரவ டாக்டர் பட்டம் தரலாம் என்று பல்கலைக்கழகத்தின் சிண்டிகேட்டும் செனட்டும் தீர்மானம் போட்டு அனுப்பியிருந்தன. வேந்தர் என்ற முறையில் அதற்கு ஒப்புதல் தர வேண்டியவர் அப்போதைய ஆளுநர் ஆர்.என். ரவி. அவர் தரவில்லை. உயர்கல்வி அமைச்சராக இருந்த பொன்முடி விழாவையே புறக்கணித்தார். பதிமூன்றே நாளில், நவம்பர் 15 அன்று, சங்கரய்யா சென்னையில் இறந்துபோனார். அப்போது அவருக்கு 102-ஆவது வயது நடந்துகொண்டிருந்தது.

இணையத்தில் இரண்டு வாரம் ஒரே சண்டை. ஆளுநரைத் திட்டியவர்கள் ஒரு பக்கம், "கம்யூனிஸ்டுக்கு எதுக்கு டாக்டர் பட்டம்?" என்று கேட்டவர்கள் இன்னொரு பக்கம். நவம்பர் 19-ல் உலகக் கோப்பை இறுதிப் போட்டி வந்தது. எல்லாரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். விஷயம் அதோடு முடிந்தது.

முடிந்திருக்கக் கூடாது. பட்டத்தை மறுத்தது யார் என்று கேட்டால் சட்டென்று "ஆளுநர்" என்பார்கள். அது பாதி பதில்தான். சங்கரய்யாவுக்குப் பட்டம் மூன்று தடவை மறுக்கப்பட்டது. முதல் தடவை மறுத்தது வெள்ளைக்காரன். இரண்டாவது தடவை ராஜ்பவன். மூன்றாவது மறுப்பு இன்றைக்கும் நடந்துகொண்டே இருக்கிறது. அதைச் செய்கிறவர்களில் அவருக்கு மாலை போட்டவர்களும் உண்டு, அவர் படத்தைப் பகிர்ந்தவர்களும் உண்டு.

முதல் மறுப்பு: 1941

சங்கரய்யா 1922 ஜூலை 15-ல் கோவில்பட்டியில் பிறந்தவர். அப்பாவின் வேலை காரணமாகக் குடும்பம் மதுரைக்கு வந்தது. 1937-ல் அமெரிக்கன் கல்லூரியில் சேர்ந்தார். படித்தது வரலாறு. படித்துக்கொண்டே மாணவர் சங்கம் கட்டினார். 1940-ல் ஏ.கே. கோபாலன் மதுரைக்கு வந்து கம்யூனிஸ்ட் கட்சிக் கிளையைத் தொடங்கியபோது அதில் சேர்ந்த சிலரில் இவரும் ஒருவர். அப்போது அந்தக் கட்சி 1934-லிருந்தே தடை செய்யப்பட்ட கட்சி என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதில் சேர்ந்தால் பதவி கிடைக்காது, வார்டு கவுன்சிலர் சீட்டும் கிடைக்காது. ஜெயில் கிடைக்கும்.

கிடைத்தது. 1941-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து மதுரையில் மாணவர்கள் கிளர்ந்தார்கள். முன்னால் நின்றவர் சங்கரய்யா. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். விசாரணையே இல்லாமல் யாரையும் பிடித்து உள்ளே போட அரசாங்கத்துக்கு அதிகாரம் இருந்தது. பி.ஏ. இறுதித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில் போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனது. தேர்வு அவர் இல்லாமல் நடந்தது. அதற்குப் பிறகு அவர் தேர்வு எழுதவே இல்லை. சாகும்வரை அவர் பெயருக்குப் பின்னால் 'பி.ஏ.' என்ற இரண்டு எழுத்து சேரவில்லை.

வேலூர் சிறையில் அரசியல் கைதிகளை வகுப்பு பிரித்து வைத்திருந்தார்கள். ஒரு வகுப்புக்கு நல்ல சாப்பாடு, இன்னொரு வகுப்புக்கு மட்டமான சாப்பாடு. எல்லாருக்கும் ஒரே மாதிரி நடத்தை வேண்டும் என்று கைதிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அதில் இவரும் உண்டு. உண்ணாவிரதத்தின் நடுவில் பார்வையிட வந்த சிறை அதிகாரி, சங்கரய்யா சாவகாசமாக கார்க்கியின் 'தாய்' நாவலைப் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அசந்துபோனார் என்று தோழர்கள் இன்றும் சொல்லுவார்கள்.

ஒரு போர்ச்சுக்கல் கைதி

இங்கே கொஞ்சம் கடல் தாண்டிப் போய்ப் பார்க்கலாம். அதே காலத்தில் போர்ச்சுக்கல்லில் சலாசரின் சர்வாதிகாரம். அங்கே ஆல்வரோ குன்யால் என்று ஒருவர். 1913-ல் பிறந்தவர், லிஸ்பன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர், 1931-ல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர். 1940-ல் அவர் சிறையில் இருந்தார். சட்டப் படிப்பின் இறுதித் தேர்வு பாக்கி. என்ன நடந்தது தெரியுமா? போலீஸ் காவலோடு பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிவந்தார்கள். கருக்கலைப்பைச் சட்டம் எப்படிப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட ஆய்வுத் தலைப்பு. கத்தோலிக்க நாட்டில், ஒரு சர்வாதிகாரியின் ஆட்சியில், ஒரு கம்யூனிஸ்ட் கைதி எழுதியது! கேள்வி கேட்ட பேராசிரியர்களில் ஒருவர் மார்செலோ கேட்டானோ. பிற்பாடு 1968-ல் சலாசருக்கு அடுத்து நாட்டை ஆண்ட அதே ஆள்தான். குன்யால் நல்ல மதிப்பெண்ணோடு தேறினார்.

சலாசர் நல்லவர் என்று சொல்ல வரவில்லை. அதே ஆட்சி 1949-ல் குன்யாலை மறுபடி பிடித்தது. பதினோரு வருடம் உள்ளே, அதில் பல வருடம் தனிமைச் சிறை. 1960 ஜனவரி 3 அன்று பெனிஷ் கோட்டைச் சிறையிலிருந்து தோழர்களோடு தப்பித்தார். 1961-லிருந்து 1992 வரை கட்சியின் பொதுச்செயலாளர். 1974 ஏப்ரல் 25 புரட்சிக்குப் பிறகு நாடு திரும்பி அமைச்சராகவும் இருந்தார். 2005-ல் இறந்தபோது லிஸ்பன் தெருக்கள் கொள்ளாத கூட்டம்.

விஷயம் இதுதான். ஒரு பாசிச ஆட்சிகூடத் தன் ஜெயிலில் இருந்த கம்யூனிஸ்டைத் தேர்வு எழுத விட்டது. எதிரிதான், ஆனால் படித்தவன், கேள்விக்குப் பதில் சொன்னால் மார்க் போட்டாக வேண்டும் என்று அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கொஞ்சமாவது தோன்றியிருக்கிறது. சங்கரய்யா விஷயத்தில் அந்தக் கொஞ்சம்கூட இல்லை. 1941-லும் இல்லை, 2023-லும் இல்லை.

பட்டம் இல்லாதவர் என்ன செய்தார்?

வரிசையாகப் பார்த்தால் மூச்சு வாங்கும். 1942-ல் வெளியே வந்தார், மாணவர் சம்மேளன வேலை, மறுபடி கைது. 1944-ல் விடுதலை. 1946-ல் மதுரை சதி வழக்கு. பி. ராமமூர்த்தியோடு சேர்த்து இவரையும் உள்ளே போட்டார்கள். அந்த வழக்கிலிருந்து விடுதலையான தேதி 1947 ஆகஸ்ட் 14. சுதந்திரத்துக்கு ஒரு நாள் முன்பு வரை அவர் வெள்ளைக்காரன் கைதி. அடுத்த மாதமே நவமணி அம்மாளைத் திருமணம் செய்துகொண்டார். அவர் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், ஆசிரியை. சாதியும் மதமும் கடந்த கல்யாணம், 1947-ல்.

சுதந்திர நாடாவது சும்மா விட்டதா? 1948-ல் கட்சிக்குத் தடை. தலைமறைவு, மறுபடி சிறை. 1962-ல் சீனப் போர் சமயத்தில் சிறை. 1965-லும் சிறை. மொத்தம் ஏறத்தாழ எட்டு வருடம் உள்ளே கழிந்தது. அதில் ஒரு பகுதி ஜார்ஜ் மன்னர் ஆட்சியில், மறு பகுதி காங்கிரஸ் ஆட்சியில்.

1964-ல் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் கவுன்சிலிலிருந்து 32 பேர் வெளிநடப்பு செய்தார்கள். அதிலிருந்துதான் மார்க்சிஸ்ட் கட்சி பிறந்தது. அந்த 32 பேரில் ஒருவர் சங்கரய்யா. அவர் போன பிறகு கேரளத்தின் வி.எஸ். அச்சுதானந்தன் மட்டும் மிச்சம் இருந்தார். அவரும் 2025 ஜூலையில் போய்விட்டார்.

தேர்தலில் தோற்றவர், பிறகு ஜெயித்தவர். 1967-ல் மதுரை மேற்கு, 1977-லும் 1980-லும் மதுரை கிழக்கு என்று மூன்று தடவை எம்.எல்.ஏ. 'தீக்கதிர்' ஆசிரியராக இருந்தார். விவசாயிகள் சங்கத்தில் அகில இந்தியப் பொறுப்பு. 1995 முதல் 2002 வரை கட்சியின் மாநிலச் செயலாளர். இத்தனைக்குப் பிறகும் கடைசி வரை குரோம்பேட்டையில் சாதாரண வீடு. 2021-ல் தமிழக அரசு 'தகைசால் தமிழர்' என்று புது விருதைத் தொடங்கி முதல் விருதை அவருக்குக் கொடுத்தது. 10 லட்சம் ரூபாய். அதை அப்படியே முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்குக் கொடுத்துவிட்டார்.

இரண்டாவது மறுப்பு: 2023

பட்டம் தர முன்வந்த பல்கலைக்கழகத்தின் பெயரைக் கவனியுங்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகம். 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, 1978-ல் காமராசர் பெயர் சூட்டப்பட்டது. காமராசர் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். அவரும் சுதந்திரத்துக்காக வருடக்கணக்கில் ஜெயிலில் இருந்தவர். இன்னொரு பொருத்தம்: அவர் பிறந்ததும் ஜூலை 15-தான். தமிழ்நாட்டில் அந்த நாளைக் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகிறோம். பள்ளியை முடிக்காதவர் பெயரில் இயங்கும் பல்கலைக்கழகம், கல்லூரியை முடிக்க முடியாமல் ஜெயிலுக்குப் போனவருக்கு, இருவரும் பிறந்த அதே ஊர்ப்பக்கத்திலிருந்து ஒரு மரியாதை செய்ய நினைத்தது. இதைவிடப் பொருத்தமான கவுரவ டாக்டர் பட்டம் தமிழ்நாட்டில் வேறு எதுவும் இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

அதற்குத்தான் கையெழுத்து கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் சுதந்திரப் போராட்ட வீரர்கள் மறக்கடிக்கப்படுகிறார்கள் என்று மேடைக்கு மேடை வருத்தப்பட்ட அதே ஆளுநர், உயிரோடு இருந்த ஒரு வீரரைப் பற்றிய கோப்பு மேசைக்கு வந்தபோது மறுத்துவிட்டார். செத்துப்போன வீரர்கள் வசதியானவர்கள். திரும்பிப் பேச மாட்டார்கள். உயிரோடு இருப்பவருக்குக் கட்சி இருக்கிறது, கொடி இருக்கிறது, கருத்து இருக்கிறது. அதுதான் சிக்கல்.

இந்த இடத்தில் மூன்று கேள்விகள் கிளம்பும். மூன்றுமே 2023-ல் நிறைய இடங்களில் கேட்கப்பட்டவைதான்.

ஒன்று: "1942-ல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தைக் கம்யூனிஸ்டுகள் எதிர்த்தார்களே?" ஆமாம், கட்சி எதிர்த்தது. 1941 ஜூனில் ஹிட்லர் ரஷ்யாவுக்குள் புகுந்ததும் போர் 'மக்கள் போர்' ஆகிவிட்டது என்று கட்சி முடிவெடுத்தது. 1942-ல் தடையும் நீங்கியது. நாடே கொதித்துக்கொண்டிருந்தபோது ஒதுங்கி நின்றது பெரிய தவறு, அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் அதை வைத்து சங்கரய்யாவை வெள்ளைக்காரனின் ஆள் என்று சொல்ல முடியுமா? அந்தத் தீர்மானத்துக்கு முன்பும் அவரை வெள்ளைக்காரன் ஜெயிலில் போட்டான், பின்பும் போட்டான், 1947 ஆகஸ்ட் 14 வரை வைத்திருந்தான். கட்சித் தீர்மானத்தைத் தேதி பார்த்துத் திட்டுகிறவர்கள், கைதான தேதிகளையும் பார்க்க வேண்டும்.

இரண்டு: "கவுரவ டாக்டர் பட்டத்துக்கு என்ன மதிப்பு? யார் யாரோ வாங்குகிறார்கள்." உண்மை. தமிழ்நாட்டில் நடிகர்களும் தொழிலதிபர்களும் ஆட்சியில் இருப்பவர்களும் வாங்கியிருக்கிறார்கள். 1971-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அப்போதைய முதலமைச்சர் கருணாநிதிக்குக் கொடுத்தது. எதிர்த்த மாணவர்கள் மேல் தடியடி நடந்தது, வளாகக் குளத்தில் ஒரு மாணவரின் உடல் கிடைத்தது. ஆக, பட்டத்தைக் கொடுப்பதிலும் அரசியல் உண்டு, அதுவும் கறை படிந்த அரசியல். ஆனால் இது சங்கரய்யாவுக்கு எதிரான வாதம் ஆகாது. வேண்டியவர்களுக்கு அள்ளிக் கொடுத்த பட்டம், உரியவர் வரும்போது மட்டும் ஏன் இவ்வளவு புனிதமாகிவிடுகிறது?

மூன்று: "மாணவன் என்றால் படிக்க வேண்டும், அரசியல் எதற்கு? ஒழுங்காகப் பரீட்சை எழுதியிருந்தால் அன்றைக்கே பட்டம் வாங்கியிருக்கலாமே!" இந்தக் கேள்வியைத்தான் தமிழ்நாட்டில் பாதிப் பெற்றோரும் எல்லாக் கல்லூரி முதல்வர்களும் மனதுக்குள் வைத்திருக்கிறார்கள். மூன்றாவது மறுப்பு தொடங்குவதும் இங்கேதான்.

மூன்றாவது மறுப்பு

சங்கரய்யாவின் பட்டத்தைப் பறித்த 'குற்றம்' என்ன? சங்கம் வைத்தது. வேறு கல்லூரி மாணவர்களுக்கு அநியாயம் நடந்தபோது இந்தக் கல்லூரியிலிருந்து குரல் கொடுத்தது. அவ்வளவுதான். துப்பாக்கி தூக்கவில்லை, யாரையும் அடிக்கவில்லை.

சரி, அதே காரியத்தை இன்றைக்கு ஒரு மாணவர் செய்யட்டும் பார்க்கலாம். ஆவடி–பூந்தமல்லி சாலையில் பருத்திப்பட்டைச் சுற்றிக் காலை ஏழரை மணிக்கு நின்று பாருங்கள். கல்லூரி பஸ்கள் ஒன்றின் பின்னால் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். கழுத்தில் ஐ.டி. கார்டு, காதில் இயர்போன், ஜன்னலோரம் தூக்கம். மேற்குப் புறநகர் முழுக்க ஆயிரக்கணக்கில் மாணவர்கள். அவர்களில் எத்தனை பேர் ஓட்டுப் போட்டு ஒரு மாணவர் சங்கத் தலைவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்? மாணவர் தேர்தலை எப்படி நடத்த வேண்டும் என்று லிங்டோ குழு அறிக்கை கொடுத்து, அதை நடைமுறைப்படுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது 2006-ல். பெரும்பாலான தனியார் கல்லூரிகளில் இன்றும் வகுப்புப் பிரதிநிதியை ஆசிரியர்தான் கைகாட்டுகிறார். கேன்டீன் சாப்பாடு சரியில்லை என்று நாலு பேர் சேர்ந்து பேசினாலே எச்.ஓ.டி. கூப்பிடுவார். அப்பாலஜி லெட்டர், அப்பாவைக் கூட்டிவா, இன்டெர்னலில் கைவைப்பேன், பிளேஸ்மென்ட்டுக்குப் பெயர் அனுப்ப மாட்டேன்.

1941-ல் பரீட்சையைக் காட்டி மிரட்ட போலீஸ் வர வேண்டியிருந்தது. இப்போது அதற்கு அவசியமே இல்லை. இன்டெர்னல் மார்க் போதும். பதினெட்டு வயதானவர் நாட்டின் பிரதமரைத் தேர்ந்தெடுக்கலாம், தன் கல்லூரியில் ஒரு செயலாளரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது! இதை எந்தக் கூச்சமும் இல்லாமல் ஒழுக்கம் என்கிறார்கள். இதே கல்லூரிகளின் சுவர்களில் பகத்சிங் படமும் தொங்கும்.

படிப்பு முடிந்து வேலைக்குப் போனால் மாறுமா? பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூர் சாலையில் போனால் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம். அங்கே சாம்சங் தொழிற்சாலையில் 2024 செப்டம்பர் 9 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சம்பளக் கோரிக்கை இருந்தது, ஆனால் தலையாயது அது அல்ல. "எங்கள் சங்கத்தைப் பதிவு செய்யுங்கள், அங்கீகரியுங்கள்" என்பதுதான். சி.ஐ.டி.யு. சங்கம், அதாவது சங்கரய்யாவின் கட்சியைச் சார்ந்த சங்கம். அக்டோபரில் அவர்கள் உட்கார்ந்திருந்த பந்தல் பிரிக்கப்பட்டது, தொழிலாளர்கள் கைது செய்யப்பட்டார்கள். அக்டோபர் 15-ல்தான் போராட்டம் முடிவுக்கு வந்தது. சங்கத்தின் பெயரில் கம்பெனியின் பெயர் வரலாமா என்றெல்லாம் வாதம் நடந்து, உயர் நீதிமன்றம் கெடு வைத்த பிறகு, 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது.

அப்போது சங்கப் பதிவுக்கு இருந்த சட்டம் 1926-ஆம் வருடத்தது. அந்தச் சட்டம் வருவதற்குக் காரணமான சண்டை நடந்ததே சென்னையில்தான். 1918-ல் பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளர்கள் சேர்ந்து உருவாக்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், வழக்குப் போட்டு நசுக்கப் பார்த்த முதலாளிகளை எதிர்த்து நின்றது. இந்தியாவின் முதல் மே தினத்தை 1923-ல் சிங்காரவேலர் கொண்டாடியதும் இந்தச் சென்னையில்தான். அப்படிப்பட்ட ஊரில், நூறு வருடம் கழித்து, ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய நான்கு மாதத்துக்கு மேல் போராட வேண்டியிருந்தது.

அப்போது தமிழ்நாட்டை ஆண்டது யார்? சங்கரய்யாவுக்குத் 'தகைசால் தமிழர்' கொடுத்த அதே அரசு. டாக்டர் பட்டத்துக்கு முயற்சி எடுத்த அதே அரசு. சங்கரய்யா இறந்தபோது அரசு மரியாதையோடு அனுப்பிவைத்த அதே அரசு. 2023 ஏப்ரல் 21 அன்று, முதல் மே தினத்தின் நூற்றாண்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது, வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க வழி செய்யும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தத்தைச் சட்டசபையில் நிறைவேற்றியதும் அதே அரசுதான். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்து, தொழிற்சங்கங்கள் எல்லாம் எதிர்த்த பிறகு, மே 1 அன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். நல்லது, திரும்பப் பெற்றார்கள். ஆனால் கொண்டுவரும்போது சங்கரய்யா ஞாபகத்துக்கு வரவில்லையே?

இதில் புதுசு எதுவும் இல்லை. ஆவடியில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு ஆவடியில் நடந்தது. தேபர் தலைவர், நேரு பிரதமர், காமராசர் முதலமைச்சர். 'சோசலிச பாணிச் சமுதாயம்' என்று தீர்மானம் போட்டார்கள். அடுத்த மாதமே ஆந்திராவில் தேர்தல். அங்கே ஆட்சியைப் பிடிப்பார்கள் என்று எதிர்பார்க்கப்பட்ட கம்யூனிஸ்டுகள் படுதோல்வி அடைந்தார்கள். தோல்விக்குப் பல காரணம் உண்டு, அதில் ஆவடித் தீர்மானமும் ஒன்று என்று அப்போதே பேசப்பட்டது. சோசலிசம் என்ற சொல்லைக் காங்கிரஸ் எடுத்துக்கொண்டது. அந்தச் சொல்லுக்காக ஜெயிலுக்குப் போனவர்களை வெளியே நிறுத்தியது. ஆவடியில் பெரிய பொதுத்துறை ஆலைகள் வந்தன, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைத்தன, அதை மறுக்க முடியாது. ஆனால் ஆலையில் சங்கம் வைக்கிறவனைப் பார்க்கும் பார்வை மட்டும் மாறவில்லை.

1967-லும் அப்படித்தான். தி.மு.க. கூட்டணியில் மார்க்சிஸ்டுகள் 11 இடம் ஜெயித்தார்கள், சங்கரய்யாவும் ஜெயித்தார். அடுத்த வருடமே, 1968 டிசம்பர் 25 ராத்திரி, கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். எல்லாரும் தலித்துகள், விவசாயத் தொழிலாளர்கள். சங்கத்தில் சேர்ந்தார்கள், கூடுதல் கூலி நெல் கேட்டார்கள், செங்கொடியை இறக்க மறுத்தார்கள். அதற்குத்தான் அந்தத் தண்டனை. ஆட்சியில் இருந்தது சங்கரய்யாவின் கூட்டணிக் கட்சி. கூட்டணி மேடையில் கிடைக்கும் மரியாதை வேறு, வயலில் கிடைக்கும் பாதுகாப்பு வேறு என்பதை அந்தக் கட்சிக்காரர்களைவிட யாரும் நன்றாக அறிந்திருக்க முடியாது. அறிந்தும் அவர்கள் தேர்தலுக்குத் தேர்தல் சீட்டுக்காகப் பெரிய கட்சிகளின் வாசலில் நின்றார்கள். 1977-லும் 1980-லும் எம்.ஜி.ஆர். பக்கம், பிறகு தி.மு.க. பக்கம், மறுபடி அந்தப் பக்கம். 1977-ல் 12 எம்.எல்.ஏ. வைத்திருந்த கட்சி 2021-ல் ஜெயித்தது இரண்டு இடம். இதுவும் சங்கரய்யாவின் வாழ்க்கையில் ஒரு பகுதிதான். அவரைப் புகழ்கிறவர்கள் இதைத் தாண்டிக் குதித்துவிடக் கூடாது.

ஆகவே

ஒரு மனிதருக்கு 100 வயதானதும் அவரைக் கொண்டாடுவது சுலபம். அவரால் இனி வேலைநிறுத்தம் செய்ய முடியாது, வாசலில் உட்கார முடியாது. 19 வயது சங்கரய்யாவை என்ன செய்வோம் என்பதுதான் கேள்வி. அப்படி ஒருவர் இன்றைக்கு ஒரு கல்லூரி வாசலில் நோட்டீஸ் கொடுத்தால், அதை வாங்கிப் படிக்கிறவர் எத்தனை பேர், வாட்ஸ்அப்பில் படம் எடுத்து நிர்வாகத்துக்கு அனுப்புகிறவர் எத்தனை பேர்?

ஆளுநர் கையெழுத்துப் போடாததால் சங்கரய்யாவுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பட்டம் இல்லாமலேயே 82 வருடம் வாழ்ந்து காட்டியவர். நஷ்டம் அந்தப் பல்கலைக்கழகத்துக்குத்தான். தன்னுடைய சிண்டிகேட்டும் செனட்டும் எடுத்த முடிவைத் தானே நிறைவேற்ற முடியாத இடம் என்று உலகத்துக்குத் தெரிந்துபோனது. 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியபோது வெள்ளைக்காரன் கவர்னரை வேந்தராக வைத்ததில் அவனுக்கு ஒரு கணக்கு இருந்தது. வெள்ளைக்காரன் போய் இத்தனை வருடம் கழித்தும் அதே நாற்காலியை அதே இடத்தில் வைத்திருப்பதற்கு என்ன கணக்கு?

சங்கரய்யாவுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிறவர்களுக்குச் செய்ய மூன்று வேலை இருக்கிறது. எல்லாக் கல்லூரியிலும், தனியார் கல்லூரி உட்பட, மாணவர் சங்கத் தேர்தல் நடத்த மாநில அரசு சட்டம் கொண்டுவர வேண்டும். தொழிலாளர்கள் சங்கம் பதிவு செய்ய விண்ணப்பித்தால் கம்பெனி என்ன நினைக்கும் என்று பார்க்காமல் குறித்த நாளுக்குள் பதிவு செய்து கொடுக்க வேண்டும். பட்டத்தை முடிவு செய்கிற வேலையைப் பல்கலைக்கழகத்தின் கையிலேயே விட வேண்டும், ஆளுநர் மாளிகையிடமும் வேண்டாம், கோட்டையிடமும் வேண்டாம்.

இந்த மூன்றையும் கேட்க மாணவர்கள் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. முதலாவதை நாளைக் காலையே, அந்த ஏழரை மணி பஸ்ஸிலேயே பேச ஆரம்பிக்கலாம். எச்.ஓ.டி. கூப்பிடுவார். கூப்பிடட்டும். அப்பாலஜி லெட்டர் கேட்பார். எதற்காக மன்னிப்பு என்று எழுத்தில் கேளுங்கள்.